உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் பிறக்கும் இடத்து அதிசயங்கள்!

ஒரு நொடி பொறுங்கள். அவ்வளவுதான்! அதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறந்தாயிற்று!

முழு வளர்ச்சி அடையும் தறுவாயில் சிவப்பணு என்ன செய்கிறது தெரியுமா? தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது! பக்கத்தில் இருக்கும் விழுங்கணு அதைக் கபளீகரம் செய்துவிடும். அப்புறம் டிஎன்ஏ இல்லாமலேயே சுமார் 120 நாள் ஓட்டம்! ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி!

கருவில் முதல் ரத்தம் எலும்பில் பிறப்பதில்லை. முதலில் கருவுணவுப் பை. அடுத்தது கல்லீரல். மஜ்ஜைக்கு மூன்றாம் இடம்தான்!

நெதர்லாந்துப் பாட்டி ஹென்ட்ரிக்யே வான் ஆன்டெல் 2005-ல் இறந்தபோது வயது 115. அவருடைய வெள்ளணுக்களில் பெரும்பகுதி ரத்த அணுக்களை உருவாக்கும் எத்தனை ஸ்டெம் செல்களிலிருந்து வந்தது? இரண்டே இரண்டு!

வரிக்குதிரை மீனைத் தெரியும்தானே? தொட்டியில் வளர்ப்போமே, அந்தக் குட்டி மீன்தான். ரத்தம் சரியாக உருவாகாத வகைகளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ஷாப்லி, மெர்லோ, ரீஸ்லிங், சார்டனே! அத்தனையும் ஒயின் பெயர்கள்!

இப்போது வருவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் செல்கள் இருந்த ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். செல்கள் உப்பின. குரோமோசோம்கள் பிரிந்து பளிச்சென்று தெரிந்தன! டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருந்தது! ஆண்டு 1960. அதற்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்!

குட்டையானது எப்படி? பதில் கிடைத்தது ஒரு சாப்பாட்டு மேஜையில்! சிகாகோவில் ஜேனட் ரௌலி குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரித்து வீட்டு மேஜையில் பரப்பிவைத்தார். 'அம்மா காகித பொம்மை விளையாடுகிறார்' என்று பிள்ளைகள் கிண்டலடித்தார்கள். அம்மா கண்டுபிடித்தது: 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன! வெளியான ஆண்டு 1973.

அந்த மாற்றத்தில் பிறக்கும் ஒரே ஒரு புரதம்தான் வில்லன். அதை அடக்கும் மாத்திரை இமாடினிப். சோதனையில் போதிய அளவு கொடுக்கப்பட்ட 54 நோயாளிகளில் எத்தனை பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது? 53 பேருக்கு!

இந்தக் கதையில் சென்னையும் உண்டு! 2006 ஜனவரியில் இந்த மாத்திரைக்கான காப்புரிமை மனுவைத் தள்ளுபடி செய்தது சென்னை காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் 'கிடையாது' என்றது. அப்போது அசல் மாத்திரைக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரைக்குச் சுமார் 10,000 ரூபாய்தான் ஆனது! எத்தனை குடும்பங்கள் மூச்சு விட்டிருக்கும்!

விஷமும் மருந்தாகும்! ஆர்சனிக்கை ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள் சீனாவின் ஹார்பின் நகர டாக்டர்கள். வேலூர் சிஎம்சியில் 1998 முதல் 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். நோய் அடங்கியவர்கள் 86 சதவீதம்!

அதே நோய்க்கு ஷாங்காயில் 1985-ல் 5 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தது வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்து. அது புற்றுநோய் செல்லைக் கொல்லவில்லை. முதிரவைத்து, ஒழுங்கான வெள்ளணுவாக மாற்றிவிட்டது!

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவான அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள்! இந்த முடிவு வெளியான ஆண்டு 1948!

உங்கள் வாசலில் நித்தியகல்யாணி பூத்திருக்கிறதா? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்துதான் வந்தது!

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பச்சிளங் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் போன்ற ஒன்று பிறக்கும்போதே இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும்! அது வரக் காரணம், கேட்டா1 என்ற ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட பிழை!

வேறு ரத்த வகைக்காரரின் மஜ்ஜையை ஏற்றுக்கொண்டவருக்கு ரத்த வகையே மாறிவிடும்! அவர் ரத்தத்தை எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தால், வருவது கொடுத்தவரின் டிஎன்ஏ!

பெர்லினில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்தது, எச்ஐவியும் இருந்தது. எச்ஐவி உள்ளே புகப் பயன்படுத்தும் புரதம் பிறவியிலேயே இல்லாத ஒருவரின் ஸ்டெம் செல்லைத் தேடிப் பிடித்தார்கள் டாக்டர்கள். 2007-ல் ஒருமுறை, 2008-ல் மறுமுறை ஏற்றினார்கள். எச்ஐவி போயே போய்விட்டது! ரத்தப் புற்றுநோயும் பல ஆண்டுகள் அடங்கியிருந்தது!