போதை மயக்கமா, வெப்பவாதமா? கோடையில் மது விளைவிக்கும் ஆபத்து

கத்திரி வெயில் காயும் நண்பகல். சாலையோரப் புளிய மரத்தடியில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். அவரிடமிருந்து மது வாடை வீசுகிறது, பேச்சு குழறுகிறது. ‘குடித்துவிட்டுக் கிடக்கிறார், தெளிந்ததும் எழுந்து போவார்’ என்று எண்ணி அனைவரும் கடந்து செல்கின்றனர். அவருக்கு நேர்ந்திருப்பது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனப்படும் வெப்பவாதமாயின், அப்படிக் கடந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர் உயிரைக் குடிக்கும் நிமிடமாகும்.

கங்கைகொண்ட சோழபுரம், செயங்கொண்டம், அரியலூர் வட்டாரங்களில் உழைப்போர் பலர் வெயிலிலேயே நிற்க வேண்டியவர்கள். முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலமும் கோடையே. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கட்டட வேலையிலும் கோடைக்கு விடுமுறை இல்லை. வேலை முடிந்த அலுப்புக்கு மதுவும், சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த பீரும் உதவும் என்று நம்புவோர் உள்ளனர். அந்த நம்பிக்கை தவறானது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஒன்றையே பெரிதும் நம்பியுள்ளது. வியர்வைக்கு நீர் வேண்டும். மூளையிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன், சிறுநீரகங்கள் நீரை வீணாக்காமல் காக்கிறது. மது அந்த ஹார்மோனைத் தடுப்பதால் சிறுநீர் மிகுதியாகப் பிரிகிறது. வெயிலில் இழந்த நீரோடு இவ்விழப்பும் சேர்கிறது. மேலும் மது இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதால் இரத்த அழுத்தம் குறைந்து, எழுந்து நிற்கும்போதே மயக்கம் வரலாம். எல்லாவற்றிலும் கொடியது, தாகத்தையும் களைப்பையும் உணர்ந்து நிழலுக்கு ஒதுங்கும் அறிவையே மது மழுக்கிவிடுவதாகும்.

‘இரவில்தானே குடித்தேன்’ என்பாரும் உண்டு. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரையே அதைச் சிதைக்க வல்லது. ஆகவே இரவு பத்து மணிக்குக் குடித்தவர் காலையில் வேலைக்குச் செல்லும்போதும், உறக்கம் கெட்டு, நீர் வற்றிய உடலோடுதான் வெயிலில் இறங்குகிறார்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு மதுவால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழலாம். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு நீரிழப்பு விரைவில் முற்றும். இவர்கள் மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. மதுவையே தவிர்க்க வேண்டும். பொன்னேரியாயினும், கொள்ளிடமாயினும், வயல் கிணறாயினும், குடித்தபின் குளிக்க இறங்குவதும் உயிருக்கு ஆபத்தாகும்.

வெப்பவாதத்தை அறிவது எப்படி?

குழறும் பேச்சு, தள்ளாட்டம், வாந்தி, நினைவு தடுமாறுதல் ஆகியவை போதைக்கும் வெப்பவாதத்திற்கும் பொதுவானவை. ஆகவே உடலைத் தொட்டுப் பாருங்கள். வெப்பவாதத்தில் உடல் நெருப்பாய்ச் சுடும். வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டை, எட்டும் அல்லது தாண்டும். தோல் வறண்டிருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். வலிப்பும் வரக்கூடும். ஐயம் எழுந்தால் வெப்பவாதம் என்றே கொண்டு செயல்படுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாளாவிருத்தல் கூடாது. நிழலுக்குக் கொண்டுசென்று ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவற்றவரின் வாயில் நீர், மோர் எதுவும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். வாந்தி அடைக்காதிருக்க அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இங்குப் பயன்படாது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலைக் காலத்தில் மதுவைத் தவிர்க்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அறிவுறுத்துகிறது. வேலைக்குச் செல்பவருக்கு மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு கொடுத்தனுப்புங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்தால் போதும். சிறுநீரக, இதய நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். அதற்கு அஞ்சி மீண்டும் குடிக்க வேண்டியதில்லை. மருத்துவரின் மேற்பார்வையில் பாதுகாப்பாக நிறுத்தலாம். குடி குறித்து மனம்விட்டுப் பேச 14416 என்னும் டெலி மானஸ் எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

குடித்தவர் என்பதற்காக ஒருவரின் உயிர் மலிந்துவிடுவதில்லை. மரத்தடியில் கிடப்பவரைக் கண்டால் ஒரு நொடி நின்று, அவர் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.