'குவைட்' என்னும் குறும்புச் சொல்

மதிப்பெண் அட்டையில் ஆங்கில ஆசிரியை 'குவைட் குட்' என்று எழுதிவிட்டால், நம் வீடுகளில் ஒரு வழக்கே நடக்கும். "மிக நன்று என்று எழுதியிருக்கிறாரே!" என்று அப்பா மகிழ்வார். "இல்லையப்பா, ஓரளவு நன்று என்றுதான் பொருள்" என்று அகராதியைப் புரட்டிய அண்ணன் சொல்லுவான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதே வேடிக்கை.

இங்கிலாந்து வழக்கில் இச்சொல்லுக்கு இரு பொருள்கள். எப்பொருள் என்பதைப் பின்னால் வரும் பண்புச்சொல்லே பெரும்பாலும் முடிவு செய்கிறது. குளிர், களைப்பு, நன்மை ஆகியவற்றில் கூடுதல் குறைவு உண்டு. ஆகவே 'குவைட் கோல்ட்', 'குவைட் டயர்ட்' என்றால் 'ஓரளவு' என்று கொள்ளலாம். ஆனால் காலிக் குடத்தில் அதிகக் காலி, குறைந்த காலி என்று உண்டோ? 'குவைட் எம்ப்டி', 'குவைட் இம்பாசிபிள்' என்றால் 'முற்றிலும்' என்றே பொருள்.

அமெரிக்கரோ 'குவைட் குட்' என்பதைப் பெரும்பாலும் 'மிக நன்று' என்றே எடுத்துக்கொள்வர். ஆதலால் லண்டன்காரர் அளவோடு பாராட்டி எழுதிய சிபாரிசுக் கடிதம் நியூயார்க்கில் பெரும் புகழுரையாகிவிடக்கூடும்! வேலை கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு சிறு சொல்லில் தொங்குகிறது.

பேச்சில் குரலும் பொருளை மாற்றும். ஆங்கிலேயர் 'குவைட்' என்பதை அழுத்திச் சொன்னால் பாராட்டு குறைகிறது. 'குட்' என்பதை அழுத்தினால் கூடுகிறது. நாமும் "கொஞ்ச நேரமா காத்திருந்தோம்!" என்று குரலை உயர்த்தினால் நெடுநேரம் என்றல்லவா ஆகிறது? மதிப்பெண் அட்டைக்குத்தான் குரல் இல்லை.

'நாட் குவைட்' என்றால் 'முழுவதும் அப்படியல்ல'. 'ஃப்யூ' என்பது சில. 'குவைட் எ ஃப்யூ' என்றாலோ பல! ஒருவர் சொன்னதை ஆமோதிக்க 'குவைட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதும் ஆங்கிலேயர் வழக்கம்.

பிறப்பைப் பார்த்தால், 'அமைதி' எனப் பொருள்படும் ஓர் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக, 'விடுபட்ட' என்னும் பொருளோடு ஆங்கிலத்தை அடைந்தது. 'முற்றிலும்' என்பதே மூத்த பொருள். 'ஓரளவு' பின்னால் வந்த இளையவள். அமைதியைக் குறிக்கும் 'குவயட்' இதன் உடன்பிறப்பே. எழுத்தில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே இடம் மாறுகின்றன. 'பீ குவயட்' என்று எழுதவேண்டிய கரும்பலகையில் 'பீ குவைட்' என்று எழுதினால் வகுப்பு அடங்குமா? ஒலித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: 'குவயட்' இரண்டு அசை, 'குவைட்' ஒரே அசை.