வேலையில் இருக்கும் ஆசிரியர் மேற்கொண்டு எதைப் படிக்கலாம்?

பள்ளியில் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆனதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மேற்கொண்டு ஏதாவது படிக்கலாமே என்ற எண்ணம் வரும். உடன் வேலை பார்ப்பவர் எம்.எட். சேர்ந்திருப்பார். இன்னொருவர் தொலைநிலையில் எம்.ஏ. எழுதிக்கொண்டிருப்பார். "ஒரு டிப்ளமோவாவது முடித்து வையுங்கள், என்றைக்காவது உதவும்" என்று தலைமையாசிரியர் சொல்வார். எதில் சேர்வது, எதற்காகச் சேர்வது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது. விசாரித்தால் கட்டணமும் கடைசித் தேதியும் மட்டும் தெரியவரும்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது இருக்கும் வேலையிலிருந்து வேறொரு வேலைக்குப் போகப் படிக்கிறீர்களா, இதே வகுப்பில் இதே பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கப் படிக்கிறீர்களா? இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே படிப்பு உதவாது. இந்தத் தெளிவு இல்லாமல் சேர்ந்து, இரண்டு வருடமும் கைக்காசும் கரைந்த பிறகு வருந்துகிறவர்கள் நிறைய.

எம்.எட். முடித்தால் பள்ளியில் பதவி உயர்வு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்ற மூன்று நிலைகளில் எதற்கும் அது கட்டாயத் தகுதி கிடையாது. முதுகலை ஆசிரியராக, நடத்தும் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், அவ்வளவுதான். எம்.எட். கேட்பது ஆசிரியர்களை உருவாக்கும் இடங்களில்: பி.எட். கல்லூரிகள், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் அதோடு கல்வியியலில் நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ சேர வேண்டும். நடுவில் எம்.பில். என்று ஒன்று இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளோடு அது முடிந்துபோனது.

பிறகு ஏன் பள்ளி ஆசிரியர்கள் இத்தனை பேர் எம்.எட். படித்தார்கள்? ஊக்க ஊதிய உயர்வுதான் முக்கியக் காரணம். உயர்கல்வித் தகுதி பெற்ற ஆசிரியருக்குப் பணிக்காலத்தில் இரண்டு முறை அந்த உயர்வு கிடைத்துவந்தது. 2020 மார்ச் 10ஆம் தேதியிட்ட அரசாணை அதை நிறுத்திவிட்டது. ஆசிரியர் சங்கங்கள் அதைத் திரும்பக் கேட்டுவருகின்றன. கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தன் செலவில், தன் விடுமுறையைச் செலவழித்துப் படித்துவிட்டு வரும் ஆசிரியருக்கு அரசு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனாலும் இன்று சேர்பவர் அந்தப் பழைய கணக்கைப் போட்டுக்கொண்டு சேரக்கூடாது.

எம்.எட்.டின் அமைப்பையும் தெரிந்துகொள்வது நல்லது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டுப் படிப்பை இரண்டாண்டாக நீட்டின. ஆசிரியர் கல்வியின் தரத்தை ஆராய்ந்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் கொடுத்த பரிந்துரைகளின் தொடர்ச்சி இது. வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், வகுப்புகளில் 80 சதவீத வருகை, களப்பணியில் 90 சதவீத வருகை என்பது விதி. கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல், கலைத்திட்டம், ஆராய்ச்சி முறை எல்லாம் பாடங்கள். ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் களப்பணி உண்டு. ஆய்வேடு கட்டாயம். இந்த விதிகளைப் படிக்கும் யாருக்கும், தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டே முறையான எம்.எட். முடிக்க முடியாது என்பது புரிந்துவிடும். விடுப்பு எடுத்தாக வேண்டும். "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே நாளில் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கல்லூரிப் பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து இருந்தால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 2025இல் வெளியான வரைவு விதிகளில் ஓராண்டு எம்.எட். மறுபடி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே சேரும் ஆண்டில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று குழுமத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடாமல் படிக்க வேறு வழிகள் உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் எம்.ஏ. இருக்கிறது, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். இதை எம்.எட்.டுக்குச் சமம் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் பலர். இரண்டும் வேறு வேறு பட்டங்கள், தகுதி விதிகளில் தனித்தனியாகவே வரும். எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அமைப்பு அந்த ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது.

வகுப்பறைக்காகப் படிப்பவர்களுக்கு நான் பெரிய பட்டங்களைவிடச் சிறிய, குறிப்பான படிப்புகளையே முதலில் சொல்வேன். ஆங்கில ஆசிரியர் என்றால் ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கி, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமான ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் அங்கே தொலைநிலையில் நடக்கின்றன. மாணவர்களின் மனநெருக்கடியைத் தினமும் பார்த்துத் தவிக்கிற ஆசிரியருக்கு என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு ஏற்றது. ஓராண்டுப் படிப்பு, ஆறு மாதம் வீட்டிலிருந்து, மூன்று மாதம் நேரில், மூன்று மாதம் சொந்த ஊரில் பயிற்சிப் பணி. நம் பக்கத்துக்கு மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் மையம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஒரு பிள்ளையோடு எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆசிரியராவது ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இருக்க வேண்டும்.

சிறப்புக் கல்வியில் நாட்டம் இருந்தால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் தேசிய நிறுவனத்தை விசாரியுங்கள். பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிறுவனம் அது. இந்தத் துறையில் எந்தச் சான்றிதழுக்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். அது இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு சிறப்பாசிரியராகப் பதிவு செய்ய முடியாது.

சரி, வகுப்பறைக்கு உதவும் படிப்பு என்றால் அது ஆசிரியரிடம் எதை மாற்ற வேண்டும்? ஒரு கணக்கு நோட்டைப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புக் குழந்தை 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு, பக்கத்தில் 15 என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்த கணக்கைப் பாருங்கள்: 64 கழித்தல் 28, விடை 44. அதற்கடுத்து 71 கழித்தல் 26, விடை 55. குழந்தை கவனக்குறைவாகப் போடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் மேலே கீழே என்று பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதைத் தவறாமல் பின்பற்றுகிறது. 58 கழித்தல் 23 கொடுத்தால் 35 என்று சரியாகவே வரும், ஏனென்றால் அங்கே கடன் வாங்க வேண்டியதில்லை. அதனால் பாதிக் கணக்கு சரி, பாதி தவறு. "சுமாரான பிள்ளை" என்ற பெயரும் வந்துவிடுகிறது.

இந்த வகைத் தவறுகளை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வகைப்படுத்திக் காட்டினார்கள். குழந்தைகளின் பிழைகளில் பல ஓர் ஒழுங்கோடு வருகின்றன என்பது அவர்கள் கண்டது. 1986இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் இன்னொன்றைச் சொன்னார். கழித்தல் தெரிந்திருப்பது ஓர் அறிவு. கழித்தலில் எந்த இடத்தில் குழந்தை தடுக்கி விழும், எந்த உதாரணம் அதைத் தூக்கிவிடும் என்று தெரிந்திருப்பது வேறோர் அறிவு. இரண்டாவதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவரிடமும் அது தானாக இருந்துவிடாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் 2இலிருந்து 7ஐ எடுக்க முடியும் என்று அந்தக் குழந்தையின் கையாலேயே செய்யவைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர், அந்த அறிவை வைத்தே முடிவெடுக்கிறார்.

நல்ல முதுநிலைப் படிப்பு இந்த இடத்துக்கு உங்களை அழைத்து வரும். அதற்கு அது வைத்திருக்கும் கருவி ஆய்வேடும் செயலாய்வும். செயலாய்வு என்றால் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் உள்ள ஒரு குறிப்பான சிக்கலை எடுத்து, அது யாரிடம் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதுவது. ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடக்கட்டும், ஆசிரியர் அதைப் பின்பற்றட்டும் என்ற பழக்கத்தை மாற்றி, பள்ளி ஆசிரியரே தன் வேலையை ஆராய வேண்டும் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ஸ்டீபன் கோரி 1953இலேயே ஒரு நூல் எழுதினார். நம் மாவட்டப் பயிற்சி நிறுவனங்களும் ஆசிரியர்களைச் செயலாய்வு செய்யச் சொல்கின்றன.

ஆனால் நம் எம்.எட். ஆய்வேடுகளில் பெரும்பாலானவை வேறு தடத்தில் போகின்றன. ஏதோ ஒரு மாவட்டத்தின் மேல்நிலை மாணவர்கள் 300 பேரிடம் மனப்பான்மை வினாத்தாள், ஆண் பெண் வேறுபாடு உண்டா, நகரம் கிராமம் வேறுபாடு உண்டா, டி-மதிப்பு என்ன, கருதுகோள் ஏற்கப்படுகிறதா, நிராகரிக்கப்படுகிறதா. வினாத்தாளைக்கூட முன்னொருவர் ஆய்விலிருந்து எடுத்திருப்பார்கள். எழுதியவரின் பள்ளியில் ஒரு குழந்தைகூட அந்தப் பக்கங்களில் வராது. பைண்டிங் கடையிலேயே ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு வருடப் படிப்பில் உங்கள் வகுப்புக்குத் திரும்பி வரக்கூடிய பகுதி அது ஒன்றுதான். அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது காகிதம்.

ஃபின்லாந்தில் 1979 முதல் தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியருக்கும் முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதி. அந்தப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியாக வேண்டும். அந்நாட்டுப் பள்ளிகளைப் புகழ்பவர்கள் வீட்டுப்பாடம் குறைவு என்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். இதைப் பேசுவது குறைவு.

பட்டம் எதுவும் வேண்டாம், துறை நடத்தும் பயிற்சி போதாதா என்று கேட்கலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு வேண்டும் என்கிறது. 2019இல் தொடங்கிய நிஷ்தா பயிற்சித் திட்டம், குறுவள மையக் கூட்டங்கள், இணையவழிப் பயிற்சிகள் என்று வரிசையாக நடக்கின்றன. இவற்றில் நல்லவை உண்டு. ஆனால் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் 1980களில் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: விளக்கவுரை கேட்பதும் மாதிரி வகுப்பு பார்ப்பதும் மட்டும் வகுப்பறைப் பழக்கத்தை அதிகம் மாற்றுவதில்லை. கற்றதை வகுப்பில் செய்து பார்க்கும்போது யாராவது கூட இருந்து பார்த்து, பேசி, மறுபடி செய்யவைத்தால்தான் அது ஒட்டுகிறது. ஒரு நாள் பயிற்சி முடிந்து கையேட்டோடு வீடு திரும்பும் ஆசிரியருக்கு அந்தக் கூட இருக்கும் ஆள் கிடைப்பதில்லை. ஒரு நல்ல படிப்பில் அவர் கிடைக்கிறார்: உங்கள் வழிகாட்டி.

ஆகவே சேரும் முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய் நூலகத்தில் கடந்த ஆண்டு ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். தலைப்புகளைப் பார்த்தாலே வழிகாட்டிகளின் தரம் தெரிந்துவிடும். எத்தனை தலைப்புகளில் உண்மையான வகுப்பும் உண்மையான பிழைகளும் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு வழிகாட்டியின் கீழ் எத்தனை பேர், அவர் உங்கள் பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். தொலைநிலை என்றால், நீங்கள் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகள் குறிப்புகளோடு திரும்பி வருமா, மதிப்பெண் மட்டும் வருமா என்று அங்கே படித்த ஒருவரிடம் விசாரியுங்கள்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ வேலை பார்ப்பவர் விண்ணப்பிக்கும் முன்பே துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். படித்து முடித்துவிட்டுப் பின்னேற்பு கேட்டு அலைந்தவர்களின் கோப்புகள் அலுவலகங்களில் கிடக்கின்றன. அனுமதி ஆணை வந்ததும் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, பட்டம் கைக்கு வந்த மாதத்திலேயே பணிப்பதிவேட்டில் அதைப் பதிவு செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.