போர்க் கைதிகளின் கதையில் விடுபட்ட பெயர்கள்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781-ல் அங்கு நடந்த போரில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்காக எழுப்பப்பட்டவை அவை. அவர்களுக்குக் கீழே போரிட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1780 செப்டம்பர் 10 அன்று, இதே புள்ளலூரில்தான் கம்பெனிப் படை மிகப் பெரிய தோல்வியைச் சந்தித்தது. கர்னல் பெய்லி தலைமையில் வந்த படையை ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்து முறியடித்தனர். உதவிக்குப் போயிருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ, காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லியின் படையில் உயிர் தப்பியவர்கள் கைதிகளாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

பெய்லி 1782-ல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு அங்கே கல்லறை மண்டபம் உண்டு. அதிகாரி டேவிட் பெயர்ட் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையானார். மைசூரில் கைதியாக இருந்த சாதாரண பீரங்கிப்படை வீரர் ஜேம்ஸ் பிரிஸ்டோகூடத் தன் அனுபவத்தை 1793-ல் புத்தகமாக வெளியிட்டார். கைதிகளான சிப்பாய்கள், டூலி தூக்கியவர்கள், புல் வெட்டியவர்கள், சமையல் செய்தவர்கள் ஆகியோரின் கதையைக் கேட்டு எழுத யாரும் இல்லை.

மண்வெட்டியும் துப்பாக்கியும்

மதராஸ் படையில் பறையர் சமூகத்தினர் தொடக்க காலம் முதலே இருந்தனர். புள்ளலூர் தோல்விக்கு இருபது நாட்கள் கழித்து, 1780 செப்டம்பர் 30 அன்று, இரண்டு பயனியர் கம்பெனிகள் திரட்டப்பட்டன. அவையே பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் படையாக வளர்ந்தன. பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, தேவைப்பட்டால் துப்பாக்கி ஏந்துவது ஆகியவை அவர்கள் வேலை. சேரியிலிருந்து வெளியேற ஒரு வழியாகப் பல குடும்பங்களுக்கு இந்தப் படை இருந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் மட்டுமல்ல, சீருடை தந்த மரியாதையும் சேர்ந்து வந்தது.

வாலாஜாபாத்தும் ஒரு காலத்தில் படை முகாம் இருந்த ஊர். ‘83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி’ என்று இந்த ஊரின் பெயரிலேயே ஒரு படைப்பிரிவு முதல் உலகப் போர்க் காலத்தில் இருந்தது. ஆனால் ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கொள்கை வந்தபின் தென்னிந்தியருக்குப் படையின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மதராஸ் பயனியர் படையும் 1933-ல் கலைக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை வந்த இரண்டாம் உலகப் போரில்தான் கதவு மீண்டும் திறந்தது. தீண்டப்படாத மக்களைப் படையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கரும் அப்போது வலியுறுத்தினார்.

சிங்கப்பூருக்குப் பிறகு

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ 40,000 இந்திய வீரர்கள் கைதிகளானார்கள். அவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் இருந்தனர். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் கூலி வேலைக்காக நியூ கினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கப்பலின் அடித்தளத்தில் அடைபட்ட பயணம், காட்டில் விமானத்தளம் அமைக்கும் வேலை, மலேரியா, பசி, அடி உதை என்று அவர்கள் நாட்கள் கழிந்தன. நியூ கினியின் வேவாக் பகுதிக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 3,000 இந்தியக் கைதிகளில், போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 200 பேர்தான்.

புள்ளலூருக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இந்த முறை சாதாரணச் சிப்பாயின் பெயரும் எழுதப்பட்டது. சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி நினைவிடத்தில், புதைத்த இடம் தெரியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டில், இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நம் பகுதியில் இப்போது நினைவில் நிற்பவர் சுபேதார் சுப்பிரமணியன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி மீது விழுந்து தன் உடலால் மறைத்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். அவரும் மதராஸ் சாப்பர்ஸ்தான். அதே படையிலிருந்து கைதியாகிப் போனவர்களுக்குப் பதக்கம் இல்லை. முகாமில் பசியோடு தாக்குப்பிடித்ததை வீரம் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உயிரோடு திரும்பியவர்களின் பெயர் நினைவிடத்திலும் இருக்காது.

இந்த இடத்தில் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆணையத்தின் பதிவேட்டில் செங்கல்பட்டு, வட ஆற்காடு என்று அன்றைய மாவட்டப் பெயர்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஊர்ப் பெயர்கள் எழுத்து மாறியிருக்கும்; வாய்விட்டுப் படித்தால் அடையாளம் தெரியும். உங்கள் காலனியில் ‘பட்டாளத்து வீடு’ என்று சொல்லப்படும் வீடுகளில் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், புகைப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியவரின் மகனோ மகளோ இன்று எண்பதை நெருங்கியிருப்பார். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். புள்ளலூர் கைதிகளின் பெயர்களை இனி மீட்க முடியாது. சிங்கப்பூர் கைதிகளின் பெயர்களை மீட்க இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.