பழைய காரில் எஞ்சின் மிஸ்ஸிங்

எஞ்சின் மிஸ்ஸிங் என்பது பெட்ரோல் எஞ்சினின் ஏதேனும் ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ எரிபொருள் சரியாக எரியாமல், எஞ்சின் சீரின்றி உதறி ஓடும் நிலை ஆகும். பட்டறைகளில் இதை "மிஸ் அடிக்கிறது" என்பர். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய கார்களில் இது அடிக்கடி ஏற்படும். அம்பாசடர் காரின் 1489 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதன் காரணத்தைக் கண்டறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அடிப்படை

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிகிறது. மேற்கண்ட எஞ்சினில் எரியும் வரிசை 1-3-4-2 ஆகும். ஐடிலிங்கில் நிமிடத்திற்கு 800 சுற்று எனில், ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை எரிய வேண்டும். ஒன்று எரியத் தவறினால் அந்த இடைவெளியே உதறலாக வெளிப்படுகிறது.

எரிவதற்கு மூன்று தேவை: தக்க நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் காற்று-பெட்ரோல் கலவை, போதிய அமுக்கம். இவற்றுள் எது குறைகிறது என்று அறியாமல் உதிரிபாகங்களை மாற்றுவது வீண் செலவு. குறையை அப்படியே விட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சின் ஆயிலிலும் கலந்து, தேய்மானத்தை அதிகரிக்கும்.

எந்தச் சிலிண்டர்?

எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, காப்பிட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொருத்த வேண்டும். கழற்றியதும் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையெனில் குறை அங்கேதான். எல்லாச் சிலிண்டர்களிலும் வேகம் ஒரேபோல் குறைந்தால், காயில், பாயின்ட், கார்புரேட்டர் போன்ற பொதுவான பாகங்களைப் பார்க்க வேண்டும்.

பிளக் ஒயரில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பெட்ரோல் கசிவு இருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது. மின்னணு இக்னிஷனோ வினையூக்கி மாற்றியோ உள்ள கார்களுக்கும் இது ஏற்றதன்று.

தீப்பொறி

குறையுள்ள சிலிண்டரின் பிளக்கை நன்றாக உள்ள சிலிண்டரின் பிளக்குடன் இடம் மாற்ற வேண்டும். மிஸ்ஸிங்கும் இடம் மாறினால் பிளக்கே காரணம். அறிவியல் சோதனையைப் போல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது முக்கியம். பிளக்கின் நிறமும் உதவும்:

- இளம் பழுப்பு: எரிதல் சரி
- உலர்ந்த கரி: பெட்ரோல் மிகுதி
- எண்ணெய்ப் பசை: ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம்
- வெளிர் வெண்மை: பெட்ரோல் குறைவு அல்லது அதிக வெப்பம்

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் உள்ளதா, பாயின்ட் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பாயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மிமீ இருக்க வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால், வெடித்த ஒயரிலிருந்து கசியும் பொறி கண்ணுக்குத் தெரியும்.

கலவை

ஐடிலிங்கில் உதறி, வேகம் கூட்டியதும் சீராகும் எஞ்சினில் காற்றுக் கசிவு இருக்கலாம். சோக்கைச் சிறிது இழுக்கும்போது ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது தெளிவு. அப்போது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், வெற்றிடக் குழாய்கள், கார்புரேட்டர் ஜெட் அடைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

அமுக்கம்

தீப்பொறியும் கலவையும் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் தொடர்ந்தால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு அமுக்கமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் கூடும்போது ரிங் தேய்மானம் என்றும், கூடாவிட்டால் வால்வுக் குறை என்றும் கொள்ளலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களிலும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றின் இடையே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சினைப் பிரிக்கும் பெருஞ்செலவு தேவையா என்பதை இந்தச் சோதனையே முடிவு செய்யும். அதனால்தான் செலவு குறைந்த தீப்பொறிச் சோதனையில் தொடங்கி, அமுக்கச் சோதனையில் முடிப்பது நல்லது.