தகப்பன் குடித்தால் பிள்ளையின் கதி முடிந்ததா?

குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அறிவியலுக்குத் தெரிந்தவற்றில் மிக நம்பிக்கையூட்டும் செய்தி, அன்னாசியும் கரும்பும் விளைந்த ஒரு தோட்டப்புறத்திலிருந்துதான் வந்தது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான காவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் 49 பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ குடிக்கு அடிமை. அந்த 49 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 18 வயதில் பெரிய சிக்கல் எதுவுமின்றித் தேறியிருந்தார்கள், மற்றவர்கள் தடுமாறிப்போனார்கள். பெற்றோரின் குடி பிள்ளையைக் கெடுப்பதில் பெரும்பங்கு வீட்டின் ஒழுங்கு குலைவதால்தான் நேர்கிறது என்பதும், குடிப்பவர் திருந்தும்வரை காத்திராமல் வேறொருவர் அந்த ஒழுங்கைக் காப்பாற்ற முடியும் என்பதும் இங்கிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

"அது அவன் ரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், குடிகாரப் பெற்றோருக்குப் பிறந்து, பச்சிளம் வயதிலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துப் போன 55 ஆண்கள் இடம்பெற்றார்கள். அவர்களுள் 10 பேர் பின்னாளில் குடிக்கு அடிமையானார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றத் தத்துப் பிள்ளைகளைவிட இது ஏறக்குறைய நான்கு மடங்கு. மரபணுவின் பங்கை இதற்குமேல் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே கணக்கில் மீதி 45 பேர் அடிமையாகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிறப்பிலேயே தலைவிதி எழுதியாகிவிட்டது என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. கர்ப்பிணி குடித்தால் மட்டும் நிலைமை வேறு: சாராயம் நேராகக் கருவின் மூளையைத் தாக்குகிறது, அந்தச் சேதத்தைப் பிறகு அழிக்க முடிவதில்லை.

பிறந்த பிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மாலை ஏழு மணி. பிள்ளை வீட்டுப்பாடத்தை விரித்து வைத்திருக்கிறது, காது மட்டும் வாசலில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம், சாவி விழும் சத்தம், செருப்பு இழுபடும் சத்தம் ஆகியவற்றைக் கேட்டே இன்று எந்த அப்பா உள்ளே வருகிறார் என்று அது கணித்துவிடும். கொஞ்சுவாரா, அடிப்பாரா, அப்படியே விழுந்து தூங்கிவிடுவாரா? பயம் எப்போதாவது வந்துபோனால் உடல் தாங்கிக்கொள்ளும். இரவுதோறும் வந்தால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் தன் ஏற்ற இறக்கத்தை இழக்கிறது; நினைவுக்கும் கவனத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. மறுநாள் வகுப்பில் கணக்கு ஏறாத பிள்ளையை மக்கு என்று திட்டுகிறோம். விடிய விடியக் காவல் காத்த மூளை அது. இத்தகைய பால்ய வேதனைகள் சேரச் சேர, நடுவயதில் இதய நோயும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடுவதை 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டியும் ஆண்டாவும் காட்டினார்கள்.

அப்படியென்றால் காவாயில் தேறியவர்களைக் காத்தது எது? அவர்களுடைய முதல் இரண்டு ஆண்டுகளில் குடும்பத்தைக் குலைக்கும் அதிர்ச்சிகள் குறைவாக இருந்தன. பாட்டியோ, அக்காவோ, ஆசிரியரோ, நம்பிப் பிடித்துக்கொள்ள யாராவது ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் ஸ்டீவன் வோலினும் லிண்டா பென்னட்டும் 1980-இல் கண்டது இதைவிட நுட்பமானது. ஒருவர் குடித்தாலும் இரவுச் சாப்பாடு, பண்டிகை போன்ற வழக்கங்களைக் குடி கலைக்க விடாத குடும்பங்களில், பழக்கம் அடுத்த தலைமுறைக்குத் தொற்றுவது குறைவாக இருந்தது. தகப்பன் எந்த நிலையில் வந்தாலும் எட்டு மணிக்குச் சோறு, ஒன்பதுக்குப் படுக்கை, தீபாவளி தீபாவளியாகவே நடக்கும் என்பது அற்பக் காரியமில்லை. நாளை என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே அதற்கு மருந்து.

குடிப்பவரைத் தப்பவிட்டு, சுமையைப் பெண்கள் தலையில் ஏற்றுவதாக இது ஆகாதா? நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாதது. மலாயாத் தோட்டங்களில் குடி தனிமனிதர் பலவீனத்தால் மட்டும் வளரவில்லை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படை என்ற இயக்கம் அதே கோரிக்கையோடு கள்ளுக்கடைகள் முன் மறியல் செய்தது. பின்னாளில் கள்ளின் இடத்தை சம்சு என்ற மலிவான சாராயம் பிடித்தது. விலை, வரி, கடை, வயது வரம்பு ஆகியவற்றில் அரசுக்குள்ள பொறுப்பு அப்படியே இருக்கிறது. மலேசியாவில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் 18-லிருந்து 21 ஆனது நல்லதே. ஆனால் சட்டம் வேலை செய்யப் பத்தாண்டுகூட ஆகலாம். இன்று ஆறு வயதுள்ள பிள்ளைக்கு அதற்குள் பதினாறு ஆகிவிடும்.

ஆகவே வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் இதில் இறங்க வேண்டும். தாயே அடிபடும் வீட்டில் சாப்பாட்டு நேரத்தைக் காப்பாற்று என்று அவளிடம் சொல்வது கொடுமை. அங்கே பக்கத்து வீட்டுச் சோறும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் மாலை நேர மேசையும், கோயில் மண்டபத்துப் பாட வகுப்பும் அந்த நிலையான இடத்தைத் தரலாம். அடி, உதை என்று போனால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழைக்கலாம். அது இரவும் பகலும் இயங்குகிறது.