அந்துப்பூச்சியின் பெயர் இலையில் இருக்கிறது

இரவில் விளக்கை மொய்க்கும் அந்துப்பூச்சிகளில் அரிசி மணியளவுகூட இல்லாதவை ஏராளம். மங்கிய இறக்கை, ஒன்றிரண்டு புள்ளி, அவ்வளவுதான். செதில் உதிர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். படத்தோடு ஒப்பிட்டு இவற்றுக்குப் பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். நிபுணர்களே பலவற்றின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதைவிடத் தெளிவான வழி, செடியில் புழுவாக இருக்கும்போதே எடுத்து, அதே இலையைக் கொடுத்து வளர்த்து, பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பது.

காரணம் எளிது. பறக்கும் பூச்சி எங்கிருந்து வந்ததென்று சொல்லாது. புழுவோ தான் தின்னும் செடியையும் தின்னும் விதத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். எலுமிச்சையின் இளந்துளிரில் வெள்ளிக் கோடாக வளைந்து ஓடும் தடத்தைப் பாருங்கள். இலையின் மேல்தோலுக்கு அடியில் புழு தின்றுகொண்டே போன பாதை அது. நடுவே ஓடும் கறுப்புக் கோடு அதன் எச்சம். வளர்ந்ததும் இலை விளிம்பை மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் வெண்ணிறப் பூச்சி இறக்கை விரித்தாலும் 4 மில்லிமீட்டர்தான். 1856இல் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் இதற்கு ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயரிட்டார். இதே பேரினத்தில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் பூச்சிகள் பல. அவற்றைப் பிரித்தறியச் செடியும் தடமும் பெரிதும் கைகொடுக்கின்றன. சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்து பின்னர் பீகாரின் பூசாவுக்குச் சென்ற பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர், இந்தியச் சிற்றந்துப்பூச்சிகளின் வாழ்க்கை வரலாற்றையே 1920இல் தனி நூலாக்கினார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு இங்கிலாந்தின் மேரிக் பெயரிட்டார்.

அப்படியானால் செடியைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. நெல்லில் இலையைச் சுருட்டும் புழு ஒரே இனமல்ல; நெருங்கிய உறவுள்ள சில இனங்கள் ஒரே வயலில் ஒரே மாதிரி சுருட்டுகின்றன. பூச்சி வெளிவந்தால்தான் எது என்பது தெரியும். மரபணுச் சோதனை வந்தபின் இத்தனை பாடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்தச் சோதனை பூச்சியின் மரபணு எழுத்து வரிசையை முன்பே பெயர் தெரிந்த மாதிரியோடு ஒப்பிடுகிறது. ஒப்பிட மாதிரி இல்லாவிட்டால் வெறும் எழுத்துத் தொடர்தான் மிஞ்சும். மாதிரி இருந்தாலும், விளக்கில் பிடித்த பூச்சி எந்தச் செடியைத் தின்று வளர்ந்தது என்பதை அது சொல்லாது.

வளர்க்கும் புழுக்களில் பல செத்துப்போகும் என்பது உண்மைதான். மூடிய டப்பாவில் ஈரம் கோத்தால் பூஞ்சை பிடிக்கும், இலை காய்ந்தால் பட்டினி. அடியில் மெல்லிய காகிதம் விரித்து, டப்பாவுக்கு ஒரு செடியின் புழுவை மட்டும் வைத்து, நாள், இடம், செடியின் பெயர் எழுதிவைத்தால் இழப்பு குறையும், குழப்பமும் வராது. பூச்சிக்குப் பதில், புழுவைத் தின்று வளர்ந்த குளவி வெளிவந்தாலும் அது வீணல்ல. எலுமிச்சைப் புழு 1993இல் ஃப்ளோரிடாவில் தலைகாட்டியபோது, அதை ஒடுக்க மறு ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து அஜெனியாஸ்பிஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எந்தக் குளவி எந்தப் புழுவைக் கொல்கிறது என்பதைப் புழுவை வளர்த்துப் பார்த்தவர்களால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஊசியில் குத்திய பூச்சி பெயரோடு நின்றுவிடும். தின்ற இலை, வெறும் கூடு, வெளிவந்த பூச்சி மூன்றையும் சேர்த்து வைத்தால் எந்தச் செடிக்கு எது பகை, அதற்கு எது பகை என்பதுவரை தெரியும். விவசாயிக்கு வேண்டியதும் அதுதான்.